எழுந்தால் இருளும் திரை

துருவி என்பது அலுவலகத்தில் வைத்த பெயர். வீட்டில் வைத்த பெயர் அடையாள அட்டையோடு சரி. எதைச் சொன்னாலும் "ஏன்?" என்று ஆரம்பிப்பாள். பதில் சொன்னால் அந்தப் பதிலுக்கும் ஒரு "ஏன்?" வரும். எதிராளி கையெடுத்துக் கும்பிட்டு "ஆளை விடும்மா" என்று சொல்லும்வரை துருவித் துருவிக் கேட்பாள். வேலைக்குச் சேர்ந்த புதிதில், காபி இயந்திரம் முதல் கோப்பைக்குச் சும்மா இருந்துவிட்டு இரண்டாவது கோப்பைக்கு மட்டும் ஏன் முனகுகிறது என்று கேட்டு, அதைத் துடைக்க வந்தவரைத் துடைக்கவே விடவில்லை. பெயர் அன்றைக்கே ஒட்டிக்கொண்டது.

இது இன்று நேற்று வந்த வியாதி இல்லை. சிறுமியாக இருந்தபோது வீட்டு அயர்ன் பாக்ஸைப் பிரித்துப் போட்டாள். திரும்பப் பூட்டி முடித்தபோது ஒரு திருகு மிச்சம் இருந்தது. பெட்டி என்னவோ நன்றாகவே சுட்டது. அப்படியானால் அந்தத் திருகுக்கு என்ன வேலை? அதைப் பென்சில் டப்பாவில் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் முழுக்கக் கேட்டுப் பார்த்தாள். "இது ஒண்ணு பெரிய ஆளா வரும், இல்ல வீட்டைக் கொளுத்தும்" என்றார் அப்பா. இரண்டில் எதற்கும் தயாராகத்தான் அவர் அவளைப் படிக்க வைத்தார். அந்தக் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவள்தான். மிதித்ததிலிருந்து ஒரு சந்தேகமும் கூடவே வந்துவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்களுக்கெல்லாம் எல்லாம் தெரியும், தனக்கு மட்டும்தான் தெரியவில்லை என்ற சந்தேகம். பிறகு மெல்ல மெல்லப் புரிந்தது, அவர்களுக்கும் தெரியாது. ஆனால் தெரிந்ததுபோல் தலையாட்ட அவர்களுக்கு வரும், இவளுக்கு வராது.

இப்போது அவள் அக்கா வீட்டில் இருக்கிறாள். அவள் பார்க்கும் வேலையை அவர்களுக்கு விளக்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. கணினிக்கும் திரைக்கும் நடுவில் நின்றுகொண்டு, "இதைக் காட்டு, அதை அழி, அந்த மூலைக்கு இந்த நிறம்" என்று ஓயாமல் சொல்லிக்கொண்டிருக்கும் ஒரு மென்பொருள் உண்டு. அதற்கு டிரைவர் என்று பெயர். அது ஒழுங்காக இருக்கும்வரை அப்படி ஒன்று இருப்பதே யாருக்கும் தெரியாது. அத்தான் பார்சல் வேன் ஓட்டுகிறவர்.

"நம்ம வீட்ல ரெண்டு டிரைவர்" என்றார் அவர். "என் வண்டி நின்னா நான் இறங்கித் தள்ளுவேன். நீ என்னம்மா பண்ணுவ?"

"நானும் தள்ளுறதுதான் அத்தான். தள்ளுறது யார் கண்ணுக்கும் தெரியாது. அவ்வளவுதான்."

அதிலும் அவள் பார்ப்பது டாக் பிரிவு. மேசை மேல் ஒரு சின்னப் பெட்டி இருக்கும். மின்சாரம், விசைப்பலகை, பெரிய மானிட்டர்கள் எல்லாம் அதில் வந்து சேரும். லேப்டாப்போடு வருகிறவர் ஒரே ஒரு கேபிளைச் சொருகினால் போதும், மேசையே உயிர் பெற்றுவிடும். அந்தப் பெட்டிதான் டாக். கேட்பதற்குச் சுகமாகத்தான் இருக்கும். நடைமுறையில் அது நாலு மாமியாருக்கு வாழ்க்கைப்பட்ட மருமகள். ஒரு மானிட்டர் கேட்பது இன்னொன்றுக்குப் பிடிக்காது. ஒன்றைச் சமாதானப்படுத்தினால் மற்றது முகத்தைத் திருப்பிக்கொள்ளும். பஞ்சாயத்துப் பண்ணுவது டிரைவரின் தலையெழுத்து. டிரைவர் எழுதுவது துருவியின் தலையெழுத்து.

ஒரு காப்பீட்டு அலுவலகத்திலிருந்து புகார் வந்தது. வேலை செய்துகொண்டிருக்கும்போதே மானிட்டர்கள் திடீரென்று இருண்டுவிடுகின்றன. என்ன ஏது என்று பார்ப்பதற்குள் திரும்பி வந்தும் விடுகின்றன. ஆனால் அதற்குள், பெரிய திரைகளில் பரப்பி வைத்திருந்த பக்கங்கள் எல்லாம் லேப்டாப்பின் சின்னத் திரைக்கு அடித்துப் பிடித்து ஓடி, ஒன்றின் மேல் ஒன்றாக விழுந்து கிடக்கின்றன. அவற்றைப் பொறுக்கி எடுத்துப் பழையபடி அடுக்குவதற்கே பாதி நாள் போகிறதாம்.

புகார் முதலில் போனது சோதனைக்கூடத்துக்கு. அங்கே ஒரு மனிதர் இருக்கிறார். எந்தப் புகார் வந்தாலும் ஊன்றிச் சோதித்துப் பார்த்துவிட்டு, உதட்டைப் பிதுக்கி, "எனக்கு வரலையே" என்பார். ஆகவே அவர் பெயரே வரலையே. சோம்பேறி என்று யாரும் அவரைச் சொல்ல முடியாது. அவர் கூடத்தில் ஒரு இயந்திரக் கை நாளெல்லாம் கேபிளைச் சொருகிச் சொருகிப் பிடுங்கிக்கொண்டிருக்கும். டாக்கைச் சூடாக்குவார், குளிரவைப்பார், குலுக்குவார். கூடத்தின் இரும்பு ஸ்டூலில் அசையாமல் உட்கார்ந்து கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பார். இதற்கும் அப்படித்தான் பார்த்தார்.

"எனக்கு வரலையே."

"அங்க வருதே, ஏன்?" என்றாள் துருவி.

"அதை அங்க போய்க் கேளு. இங்க வரலைன்னா எனக்கு அது இல்லைன்னுதான் அர்த்தம்."

அங்கிருந்து வந்த கணினிப் பதிவுகளை வைத்து அவள் ஒன்றை மட்டும் கண்டுபிடித்தாள். யாரும் கேபிளைப் பிடுங்கவில்லை. இமைக்கும் பொழுதில் தொடர்பு அறுந்து, இமைக்கும் பொழுதில் ஒட்டிக்கொள்கிறது. டிரைவர்தான் அவசரக்குடுக்கை. மானிட்டர் ஒரு மூச்சு தவறவிட்டதும் செத்துவிட்டது என்று அறிவித்து, அதன் சொத்தையெல்லாம் லேப்டாப்புக்கு எழுதிவைத்துவிடுகிறது. செத்ததாகச் சொல்லப்பட்டவர் கண் விழித்துப் பார்த்தால் வீடு காலி.

அவள் எழுதிய திருத்தம் சின்னதுதான். தொடர்பு அறுந்தால் உடனே ஒப்பாரி வைக்காதே. கொஞ்சம் பொறு. "இருக்கியா?" என்று ஒரு குரல் கொடு. பதில் வந்தால் கைகுலுக்கிவிட்டு ஒன்றும் நடக்காததுபோல் வேலையைப் பார். பதிலே இல்லையென்றால் அப்புறம் ஊரைக் கூட்டு.

மேலாளரிடம் கொண்டுபோனாள். அவரைப் பிரிவில் சுருக்கமா என்பார்கள். யார் வாயைத் திறந்தாலும் "சுருக்கமா சொல்லு" என்பார். சுருக்கமாகச் சொல்வதன் நன்மைகளைப் பற்றி அவர் பேச ஆரம்பித்தால் காபி ஆறிப்போகும்.

"சுருக்கமா சொல்லு."

"மானிட்டர் எங்கயும் போகல சார். தொடர்பு கொஞ்சம் விட்டு விட்டு வருது. டிரைவர் பொறுத்துக்கிட்டா சரியாயிடும்."

"ஏன் விடுது?"

துருவிக்கு ஒரு கணம் கேட்டது தானா அவரா என்று குழப்பமாகிவிட்டது. அவளிடம் யாரும் அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை.

"தெரியல சார்."

"வியாதி தெரியாம மாத்திரை குடுக்கறதா? நிஜமாவே கேபிளைப் புடுங்குறவன் இருக்கானே, அவனை யோசிச்சியா? புடுங்கினதும் எல்லாம் லேப்டாப்புக்கு வரணும்னு பார்ப்பான். உன் டிரைவர் பொறுமையா குரல் குடுத்துட்டு உக்காந்திருக்கும். அவன் யாரைத் திட்டுவான்? என்னைத் திட்டுவான்."

அதற்குமேல் அவர் சொன்னது நீளம். கடைசியில்தான் விஷயம் வந்தது.

"வியாழக்கிழமை வரைக்கும் பாரு. என் கண்ணு முன்னாடி ஒரே ஒரு தடவை அது கறுப்பாகட்டும். ஆச்சுன்னா உன் திருத்தம் உள்ள. ஆகலைன்னா தூக்கிப் போட்டுட்டு, புகாரையும் மூடிடுவேன். உதவிப் பக்கம் எழுத ஆள் வேணும்னு ரொம்ப நாளா கேட்டுட்டு இருக்காங்க. நீ அங்க போயிடு."

உதவிப் பக்கம் என்றால், "கேபிள் சரியாகச் சொருகப்பட்டுள்ளதா எனச் சரிபார்க்கவும். பிரச்சினை நீடித்தால் மீண்டும் சரிபார்க்கவும்" என்று எழுதும் பிரிவு. அங்கே பதில்கள் முன்பே முடிவாகியிருக்கும். கேள்வி கேட்க ஆள் தேவையில்லை. துருவியிடம் இருந்து "ஏன்" என்ற சொல்லைப் பிடுங்கிவிட்டால் மிச்சம் என்ன இருக்கும் என்று அவளுக்கே தெரியவில்லை.

ஆகவே காப்பீட்டு அலுவலகத்துக்கே கிளம்பிப் போனாள்.

பெரிய கூடம். வரிசை வரிசையாக மேசைகள். ஒவ்வொரு மேசையிலும் ஒரு டாக், திறந்த லேப்டாப், இரண்டு மானிட்டர்கள். மூலை மேசையில் இருந்த, அக்கா என்று கூப்பிடும் வயதுள்ள ஒரு பெண் இவளுக்கு இடம் ஒதுக்கிக் கொடுத்து, ரகசியம் சொல்வதுபோல் குனிந்தாள்.

"கம்ப்யூட்டர்ல ஒரு கோளாறும் இல்லம்மா. எல்லாம் அந்தாளு கண்ணு."

"எந்த ஆளு?"

"மேற்பார்வை பார்க்கறாரே, அவருதான். அவர் கதவைத் திறந்து உள்ள வந்தா போதும், வரிசையா ஸ்க்ரீன் செத்துடும். வேணும்னா பாரு."

சொல்லி வாய் மூடவில்லை, கதவு திறந்தது. மேற்பார்வையாளர் உள்ளே வந்தார். கூடமே படபடவென்று எழுந்து நின்றது. இங்கொன்றும் அங்கொன்றுமாக மானிட்டர்கள் இருண்டு, விழித்தன. அக்கா திரும்பி, "பாத்தியா?" என்று கண்ணாலேயே கேட்டாள்.

துருவிக்குக் கண் திருஷ்டியில் நம்பிக்கை கிடையாது. ஆனால் கண் முன்னால் நடந்ததை இல்லையென்று சொல்வதிலும் நம்பிக்கை கிடையாது. அந்த மனிதர் எதையோ சுமந்துகொண்டு வருகிறார், அதுதான் தொடர்பை அறுக்கிறது என்று முடிவு கட்டினாள். கையில் போன். இடுப்பில் சாவிக்கொத்து. மணிக்கட்டில் தட்டு மாதிரி ஒரு வாட்ச்.

"சார், உங்க போனைக் கொஞ்சம் வெளியில வெச்சுட்டு உள்ள வர முடியுமா?"

வந்தார். எல்லாரும் எழுந்தார்கள். திரைகள் இருண்டன.

"சார், சாவிக்கொத்து?"

இருண்டன.

"சார், அந்த வாட்ச்... பார்க்கலாமா?"

"எதுக்கும்மா என் வாட்ச்?" என்றார் அவர்.

உண்மையைச் சொன்னால் இவருடைய ஊழியர்கள் இவரைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டிவரும். "நல்லா இருக்கு சார்" என்று சொல்லிவைத்தாள். அவர் உச்சி குளிர்ந்து, வாட்சைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, மறுபடியும் கதவைத் திறந்து வந்தார். இருண்டன. மறுநாள் அவர் வேறொரு வாட்ச் கட்டிக்கொண்டு, தலையைப் படிய வாரிக்கொண்டு, தானாகவே நாலு தடவை உள்ளே வந்து போனார். பூட்ஸைக் கழற்றச் சொல்லத்தான் துருவிக்கு வாய் வரவில்லை.

புதன்கிழமை அவர் ஏதோ கூட்டத்துக்குப் போய்விட்டார். காலை முழுக்க ஒரு திரைகூட இருளவில்லை. ஆட்கள் டீக்குப் போனார்கள், வந்தார்கள், சோம்பல் முறித்தார்கள். ஒன்றும் ஆகவில்லை. அக்கா வெற்றிப் புன்னகையோடு இருந்தாள். துருவி தலையில் கை வைத்துக்கொண்டு இருந்தாள். காரணம் ஒரு மனிதரின் கண் என்று நாளைக்கு மேலாளரிடம் போய்ச் சொன்னால், உதவிப் பக்கப் பிரிவில்கூடச் சேர்க்க மாட்டார்கள்.

அப்போதுதான் நடு வரிசையில் ஒருத்தி, "ஐயோ, கரப்பான்!" என்று அலறினாள்.

வரிசையே துள்ளி எழுந்தது. வரிசையே இருண்டது.

கூடத்தில் எல்லாரும் கீழே பார்த்துக் காலைத் தூக்கிக்கொண்டிருந்தபோது துருவி மட்டும் மேலே பார்த்துக்கொண்டிருந்தாள். மேற்பார்வையாளரும் கரப்பான்பூச்சியும் ஒரே வேலையைச் செய்திருக்கிறார்கள். இரண்டு பேருக்கும் பொதுவாக என்ன இருக்கிறது? போன் இல்லை. சாவி இல்லை. வாட்ச் நிச்சயமாக இல்லை. இரண்டு பேரையும் பார்த்தால் ஆட்கள் தூக்கிவாரிப் போட்டதுபோல் எழுகிறார்கள்.

"அக்கா, கொஞ்சம் மெதுவா எழுந்திருங்க."

அக்கா எழுந்தாள். ஒன்றுமில்லை.

"இப்ப உக்காந்துட்டு, சட்டுன்னு எழுந்திருங்க. அவர் வந்தா எழுந்திருப்பீங்களே, அந்த மாதிரி."

அக்கா கதவைப் பார்த்துக்கொண்டே விருட்டென்று எழுந்தாள். இரண்டு மானிட்டரும் போயின.

அதற்குப் பிறகு அந்த அலுவலகத்தில் நடந்தது வேலை அல்ல, உடற்பயிற்சி. "எல்லாரும் உக்காருங்க! எழுந்திருங்க! இல்ல, நீங்க ரொம்பச் சோம்பலா எழுந்தீங்க, மறுபடி!" வந்தவர்கள் உட்காரும் மர நாற்காலியில் அக்காவை உட்காரவைத்துத் துள்ளச் சொன்னாள். திரை அசையவில்லை. அவரவர் சுழல் நாற்காலியில் துள்ளினால் போய்விட்டது. துள்ளி உட்கார்ந்தாலும் சில சமயம் போனது. அந்த நாற்காலிகளின் தண்டுக்குள் காற்றடைத்த உருளை இருக்கிறது. ஏற்ற இறக்க வசதி செய்து தருவது அதுதான். பாரம் சட்டென்று விலகும்போதோ விழும்போதோ உள்ளே உலோகத்துக்கும் உலோகத்துக்கும் நடுவே கண்ணுக்குத் தெரியாத ஒரு மின்பொறி. அதன் அதிர்ச்சியை மேசைக்குக் கீழே சுருண்டு கிடக்கும் நீளமான மலிவுக் கேபிள் வாங்கிக்கொள்கிறது. தொடர்புக்கு ஒரு விக்கல். அந்த விக்கலுக்குத்தான் டிரைவர் சாவு வீடு நடத்தியிருக்கிறது.

"அப்ப அந்தாளு கண்ணு இல்லையா?" என்றாள் அக்கா. அவள் முகத்தில் உண்மையான ஏமாற்றம்.

"கண்ணு இல்லக்கா. பயம்."

"அது என்னவோ வாஸ்தவம்தான்."

அக்காவிடமே கெஞ்சி ஒரு கேபிளைக் கடன் வாங்கிக்கொண்டு துருவி அலுவலகத்துக்கு ஓடினாள்.

"சேர்ல இருந்து எழுந்தா ஸ்க்ரீன் போகுமா?" என்றார் வரலையே. "யார்கிட்ட கதை விடுற? நான் தினம் எழுந்திருக்கறேன்."

"நீங்க எழுந்திருக்கறது ஸ்டூல்ல இருந்து. அதுக்குள்ள என்ன இருக்கு, இரும்புதானே?"

அவர் ஸ்டூலைத் தூக்கி அடியில் பார்த்தார். இத்தனை காலம் சூடாக்கினார், குளிரவைத்தார், குலுக்கினார். மனிதன் உட்கார்ந்து எழுவான் என்பதை மட்டும் சோதிக்கவில்லை. சோதிக்கவும் முடியாது. அந்தப் பிரிவில் எல்லாருக்கும் நாலு கால் நாற்காலிதான். சுழல் நாற்காலிகள் வந்துகொண்டிருக்கின்றன என்று அவள் சேர்ந்த நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அந்தத் தளத்திலேயே காற்று உருளை வைத்த ஒரே நாற்காலி மேலாளருடையது.

மேலாளர் சாப்பிடப் போன நேரத்தில் இருவரும் அவர் அறைக்குள் நுழைந்தார்கள். அவருடைய டாக்கின் நல்ல கேபிளைக் கழற்றிவிட்டு, கடன் வாங்கிய கேபிளை மாட்டினார்கள். துருவி தன் லேப்டாப்பைச் சொருகி, பழைய டிரைவரைப் போட்டு, நாற்காலியில் உட்கார்ந்தாள். மெதுவாக எழுந்தாள். ஒன்றுமில்லை. உட்கார்ந்து துள்ளினாள். திரை கறுப்பானது.

"வந்துருச்சு" என்றார் வரலையே. அந்தச் சொல்லை அவர் வாயிலிருந்து யாரும் கேட்டதில்லை. அவருக்கே அது புதிதாக இருந்தது. "நகரு, நகரு, நான் பார்க்கறேன்" என்று அவளைத் தள்ளிவிட்டு உட்கார்ந்தார். துள்ளினார். "வந்துருச்சு!" மறுபடி துள்ளினார். புதுப் பந்து கிடைத்த குழந்தை மாதிரி அவரை நிறுத்த முடியவில்லை. துருவி புது டிரைவரைப் போட்டாள். துள்ளினார். திரை ஒரு கண் சிமிட்டியது, நின்றது. அப்படியே நூறு துள்ளல் துள்ளிவிடுவார்போல இருந்தது, வாசலில் குரல் கேட்டிருக்காவிட்டால்.

"என்னய்யா பண்ற என் சேர்ல?"

கையும் களவுமாக மாட்டிக்கொண்ட வரலையே திருதிருவென்று விழித்தார். "சேர்... நல்லா இருக்கான்னு பார்த்தேன் சார்."

"நல்லா இருக்கா?"

"ரொம்ப நல்லா இருக்கு சார்."

"சார், நீங்க எழுந்தா ஸ்க்ரீன்—" என்று துருவி ஆரம்பித்தாள்.

"நாளைக்குப் பேசு. வெளிய போங்க ரெண்டு பேரும். இனிமே இந்தச் சேர்ல என்னைத் தவிர ஒருத்தர் உட்காரக் கூடாது, சொல்லிட்டேன்." கைக்குட்டையால் இருக்கையைத் தட்டிவிட்டு அமர்ந்தார்.

சிக்கல் இப்போது இப்படி ஆகிவிட்டது: கோளாறு தெரியும், மருந்தும் தெரியும். நோயைக் காட்ட மேலாளர் துள்ளி எழ வேண்டும். அவர் எழுவதோ மலை நகர்வதுபோல. மேசையில் இரண்டு கையையும் ஊன்றி, ஒரு பெருமூச்சு விட்டு, தவணை முறையில் எழுவார்.

வீட்டில் சாப்பிடும்போது சொந்த அக்காவிடம் புலம்பினாள்.

"அவர் எழுந்து நிக்கணும்க்கா. பதறி எழணும். அப்பதான் தெரியும்."

"உனக்காக எவன்டி பதறி எழுந்து நிப்பான்?" என்றாள் அக்கா, அவள் தட்டில் இன்னொரு கரண்டி வைத்துக்கொண்டே. "அதுக்கெல்லாம் பெரிய இடத்து ஆளா இருக்கணும்."

சுருக்கென்றது. ஆனால் உண்மை. யாரும் அவளுக்காக எழுந்து நின்றதில்லை. அவள்தான் எல்லா அறைகளிலும் எழுந்து நின்றிருக்கிறாள், சில அறைகளில் உட்காரச் சொன்ன பிறகும். கையில் கவளத்தோடு அப்படியே உறைந்தவள், பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். மேலாளருக்கும் ஒரு பெரிய இடம் உண்டு. வியாழக்கிழமைதோறும் இயக்குநர் திரையில் வந்து பிரிவின் நிலவரம் கேட்பார். திரையில் வருபவருக்குக்கூட மேலாளர் எழுந்து நின்று வணக்கம் சொல்வார் என்று பிரிவு முழுக்கச் சொல்லிச் சிரிப்பார்கள்.

அது சரியா என்று பஸ்ஸில் போகும்போது நியாயமாகத்தான் யோசித்துப் பார்த்தாள். பொய் எதுவும் சொல்லப்போவதில்லை. மேலாளரோடு தன் கூட்டத்தை அந்த அழைப்புக்குச் சற்று முன்னால் வைக்கப்போகிறாள். அவ்வளவுதான். அவ்வளவுதானா என்று உள்ளே ஒரு குரல் கேட்டது. அதற்குள் இறங்கும் இடம் வந்துவிட்டது.

வியாழக்கிழமை. மேலாளரின் லேப்டாப் மூடியபடி டாக்கில் சொருகியிருந்தது. எதிரே பெரிய மானிட்டர். அதன் தலையில் கேமரா. பழைய டிரைவர்தான். கடன் வாங்கிய கேபிளும் அப்படியே இருந்தது. துருவி புது டிரைவர் போட்ட தன் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வரலையே சுவரோரம் நின்றார்.

"நீங்க சட்டுன்னு எழுந்தா போயிடும் சார். உங்க சேர்ல இருக்கற உருளையிலதான் விஷயமே இருக்கு."

"என் சேரைக் குறை சொல்றியா?"

"எழுந்து பாருங்க சார்."

"நீ சொல்லி நான் எழணுமா?" என்றார். சரி, போனால் போகிறது என்று இரண்டு கையையும் ஊன்றினார். பெருமூச்சு விட்டார். தவணை முறையில் எழுந்தார். மானிட்டர் பளிச்சென்று இருந்தது. "பார்த்தியா? ஒரு மண்ணும் ஆகல." உட்கார்ந்தார். "பாரும்மா, ஒரு விஷயத்தைச் சுருக்கமா சொல்றவங்களுக்கும் சொல்லாதவங்களுக்கும் என்ன வித்தியாசம்னா..."

அவர் வித்தியாசத்தை விளக்கிக்கொண்டிருக்கும்போதே திரையில் மணி ஒலித்து, இயக்குநரின் முகம் தோன்றியது.

"வணக்கம் சார்!" மேலாளர் வில்லிலிருந்து விடுபட்ட அம்புபோல் எழுந்தார்.

இயக்குநர் போய்விட்டார். லேப்டாப் மூடியிருந்ததால், திரையே இல்லையென்று நினைத்து அதுவும் தூங்கப் போய்விட்டது. மேலாளர் முகத்தில் ஈயாடவில்லை. லேப்டாப்பைத் திறந்து, எழுப்பி, மறுபடி மூடி, மறுபடி அழைத்தார்.

"எங்கய்யா போன?" என்றார் இயக்குநர்.

"மன்னிக்கணும் சார்!" எழுந்தார். போயிற்று.

மூன்றாவது தடவை இயக்குநர் தெரிந்தபோது மேலாளர் பல்லைக் கடித்துக்கொண்டு பாதி எழுந்த நிலையில் நின்றார். கேமராவில் அவருடைய பெல்ட் மட்டும் விழுந்தது.

"உன் பெல்ட் நல்லாத்தான் இருக்கு. முகத்தைக் காட்டு. உக்காரு."

பெரிய இடத்து உத்தரவு. தொப்பென்று உட்கார்ந்தார். கறுப்பு.

சுவரோரம் வரலையே வாயைப் பொத்திக்கொண்டு தோள் குலுங்க நின்றார். மேலாளர் துருவியைப் பார்த்தார். முதல் தடவையாக அந்தப் பார்வையில் "சுருக்கமா" இல்லை.

"ஏதாவது பண்ணும்மா!"

டாக் என்பதன் சுகமே இதுதான். அவருடைய லேப்டாப்பிலிருந்து ஒரு கேபிளை உருவி, தன்னுடையதில் சொருகினாள். மேசை மறுபடி உயிர் பெற்றது. அவரை அழைப்பில் சேர்த்துவிட்டாள். இயக்குநர் வந்தார். பழக்கதோஷம், மேலாளர் விருட்டென்று எழுந்தார். எழுந்த பிறகுதான் என்ன செய்துவிட்டோம் என்று உறைத்து, கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

திரை ஒரு சிமிட்டுச் சிமிட்டியது. இயக்குநர் அப்படியே இருந்தார்.

துருவி எட்டி, கேமராவை மேலே பார்க்கத் திருப்பினாள். இப்போது நின்றபடியே முகம் தெரிந்தது.

"இப்ப தெளிவா இருக்கு" என்றார் இயக்குநர். "அந்தக் காப்பீட்டு அலுவலகம் என்னாச்சு? ஸ்க்ரீன் கறுப்பாகுதுன்னு எனக்கே போன் பண்ணிட்டாங்க."

மேலாளர் ஒரு கண்ணைத் திறந்தார். எதிரே இயக்குநர். பக்கத்தில் துருவி. புகாரை மூடிவிட்டேன் என்று இப்போது சொல்ல முடியாது. அந்தப் புகார் இப்போதுதான் அவர் கண் முன்னாலேயே மூன்று முறை கறுப்பாகிக் காட்டியிருக்கிறது.

"கண்டுபிடிச்சாச்சு சார். திருத்தம் நாளைக்கே உள்ள போகுது."

"காரணம் என்ன?"

"அதை... இவங்க சொல்வாங்க சார். இவங்கதான் பண்ணாங்க."

துருவி கேமராவுக்குள் நகர்ந்தாள். தனக்கு நிஜமாகவே தெரியுமா என்று ஒருமுறை உள்ளுக்குள் சரிபார்த்துக்கொண்டாள். தெரியும். கூடத்திலிருந்து ஆரம்பித்தாள். உருளை, மின்பொறி, கேபிள், விக்கல், டிரைவரின் அவசர புத்தி. இயக்குநர் முன்னால் சாய்ந்து உட்கார்ந்தார். "மெதுவா எழுந்தா மட்டும் ஏன் வரல?" என்றார். அவரும் அந்த ரகம்தான் போலும். அவளுக்கு மனம் குளிர்ந்தது. அதையும் சொன்னாள். நிஜமாகவே கேபிளைப் பிடுங்குகிறவனுக்கு எவ்வளவு தாமதம் ஆகும் என்று கேட்டார். அதை அளந்துதான் வைத்திருந்தாள். சொன்னாள்.

பக்கத்தில் மேலாளர் நின்றுகொண்டே இருந்தார். எழுந்தால் போகிறது, உட்கார்ந்தாலும் போகிறது என்பதைச் சற்றுமுன்தான் உடம்போடு கற்றிருந்தார். ஆகவே அசையவில்லை. ஒரு காலிலிருந்து மறுகாலுக்குப் பாரத்தை மாற்றினார். மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். ஓரக்கண்ணால் நாற்காலியைப் பார்த்தார், பிறகு துருவியைப் பார்த்து, புருவத்தைத் தூக்கி, உட்காரலாமா என்று ஜாடையில் கேட்டார்.

உட்காருங்க சார், இப்ப ஒண்ணும் ஆகாது. சொல்லச் சின்ன வாக்கியம்தான். நாக்கு நுனியில் தயாராகவும் இருந்தது.

"அந்த உருளை உள்ள எப்படி இருக்கும்னா சார்..." என்று துருவி இயக்குநரிடம் முதலிலிருந்து விளக்க ஆரம்பித்தாள்.